‘போதும்’ என்ற அளவை முந்தின ராத்திரியே போட்டுவிடுங்கள்

கேள்வி: எனக்கு 41 வயசுங்க. திருப்பூர்ல நானும் வீட்டுக்காரரும் 14 தையல் மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குத் துணி தைச்சுக் குடுக்கிற ஜாப் ஒர்க் பண்றோம். கணக்கு, ஆள் சம்பளம், செக்கிங் எல்லாம் என் பொறுப்பு. கடன் அடைஞ்சிருச்சு. சொந்த வீடு கட்டி மூணு வருசம் ஆச்சு. பொண்ணு பதினொண்ணாவது, பையன் எட்டாவது, ரெண்டு பேரும் நல்லாப் படிக்கிறாங்க. அத்தையும் எங்க கூடத்தான் இருக்காங்க. குறைன்னு சொல்ல ஒண்ணுமில்லைங்க, ஆனா மனசு நிறையவே மாட்டேங்குது. ராத்திரி 11 மணிக்குப் படுத்தா 12.30 வரைக்கும் பீஸ் கணக்கும் பாக்கி வேலையும் தலைக்குள்ள ஓடுது. காலையில காபி ஆறிப்போய், போனைப் பாத்துக்கிட்டே நின்னு குடிக்கிறேன். என்ன சாப்பிட்டேன்னே ஞாபகமில்லை. சொந்தக்காரங்க ஸ்டேட்டஸ்ல புது வீடு, புது காரு பாத்தா ஒரு மாதிரி ஆயிருது. 4.30க்கு எந்திரிக்கிற சவால் 3 நாள், தியானம் 4 நாள், டைரி 9 நாள் (நேரம் கிடைக்கறப்ப எழுதினேன்). எல்லாம் விட்டுப்போச்சு. எனக்கு மனஉறுதி இல்லையா? எங்கம்மா, “போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து அம்மணி”ங்கிறாங்க. அந்தப் ‘போதும்’ எங்கிருந்து வரும்னுதான் தெரியலைங்க. தினமும் செய்யற மாதிரி சின்னதா ஏதாச்சும் சொல்லுங்க.
— திருப்பூர் வாசகி

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மனஉறுதி பற்றிய கேள்விதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 14 மிஷினுக்கும் ஆள் பிடித்து, சனிக்கிழமைதோறும் சம்பளம் போட்டு, கடனையும் அடைத்தவருக்கு உறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் எடுத்த மூன்றும் உங்கள் அளவு எடுக்காமல் தைத்த சட்டைகள். 12.30க்குத் தூங்கி 4.30க்கு எழுந்தால் நான்கு மணி நேரத் தூக்கம்தான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். மூன்றாம் நாள் உடம்பு முடியாது என்றது நியாயம்தான். டைரிக்கு நீங்கள் நேரமே ஒதுக்கவில்லை. ‘நேரம் கிடைக்கறப்ப’ என்று வைத்த வேலைக்கு நேரம் கிடைப்பதே இல்லை.

ஒன்பது நாள் என்பது மிகக் குறைவும்கூட. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி என்று சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்தார்கள். அது யோசிக்காமலே கை போகிற பழக்கமாக மாற, நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. அந்த ஆய்வில் உங்களுக்கு வேண்டிய சேதி வேறொன்றும் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது கெடவில்லை. பத்தாம் நாள் டைரி எழுதவில்லை என்றால், பதினோராம் நாள் எழுதியிருக்கலாம். ‘விட்டுப்போச்சு’ என்று நீங்களே முடிவு கட்டியதுதான் அதை நிறுத்தியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எதையும் முடித்ததாக ஒரு வரிகூட இல்லை. வீடு கட்டியாயிற்று, கடன் அடைந்தாயிற்று என்பவற்றைக்கூட ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறீர்கள். மிஷின் நின்ற பிறகும் வேலை நிற்பதில்லை. காபி முடிவதற்குள் போன், சாப்பாடு முடிவதற்குள் அடுத்த வேலை. உங்கள் நாளுக்கு முடிவு என்று ஓர் இடமே இல்லை. முடிந்தது என்று தெரியாத வேலையில் மனசு நிறைய வழியில்லை. உங்கள் குறை இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்குத் தேவையான திறமையும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சனிக்கிழமை சம்பளக் கணக்கை எப்படி முடிக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு டெய்லருக்கும் பீஸ் கூட்டி, அட்வான்ஸ் கழித்து, டெய்லருக்கு உதவும் கைமடிக்கும் செக்கிங்குக்கும் நாள் சம்பளம் சேர்த்து, கடைசியில் கூட்டுத்தொகைக்கு அடியில் இரண்டு கோடு போடுகிறீர்கள். அந்தக் கோடு விழுந்த பிறகு போன வாரக் கணக்கு உங்களைத் தூக்கத்தில் எழுப்புவதில்லை. ஏதாவது சந்தேகம் வந்தால் நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குத் தெரியும். உங்கள் ஒவ்வொரு நாளுக்கும் அந்த இரண்டு கோடுதான் தேவை.

ஆகவே முதல் இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு பழக்கம் மட்டும். வேறு எதையும் சேர்க்காதீர்கள், ஆசையாக இருந்தாலும்.

கடையில் 40 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். தடிமனான, அழகான டைரி வேண்டாம். அழகான நோட்டில் அழகாக எழுத வேண்டும் என்று தோன்றும், அந்த நினைப்பே கையைத் தடுக்கும். நோட்டின் ஓரத்தில் ஓட்டை போட்டு, ஒரு பேனாவை நூலால் கட்டிவிடுங்கள். பேனா தேடுகிற அரை நிமிடத்தில்தான் பாதிப் பழக்கங்கள் செத்துப்போகின்றன. நோட்டின் இடம் சாப்பாட்டு மேசை. படுக்கையறைக்குள் அது போகக் கூடாது. போனில் குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும், வேண்டாம். போனைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஆர்டர் கொடுத்த பார்ட்டியின் மெசேஜாகத்தான் இருக்கும்.

எப்போது எழுதுவது என்பதை மணிக் கணக்கில் வைக்காதீர்கள். உங்களுக்கு ஒரு நாள் 5.30க்கு ஷிப்ட் விடும், இன்னொரு நாள் ஒன்றரை ஷிப்ட் ஓடி 8.30 ஆகும். தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் கட்டிவிடுங்கள்: ‘ராத்திரிப் பாத்திரம் கழுவி, அடுப்பு மேடையைத் துடைத்து, துணியைப் பிழிந்து காயப்போட்டதும், மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறப்பேன்.’ இந்த வாக்கியத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர்கள் வெறுமனே ‘செய்ய வேண்டும்’ என்று நினைத்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடிப்பதை, உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் 1990-களிலிருந்தே காட்டி வருகின்றன. துணியைப் பிழிகிற ஈரக் கைக்கு அடுத்து எங்கே போவது என்று தெரிந்துவிட்டால், மனஉறுதிக்கு அங்கே வேலையில்லை.

உட்கார்ந்ததும் தேதி போடுங்கள். ஐந்து நிமிடம், தலையில் ஓடுவதையெல்லாம் வந்த வரிசையிலேயே ஒன்றின் கீழ் ஒன்றாக இறக்குங்கள். முதல் நாலைந்து ராத்திரி இருபது வரிக்கு மேல் போனாலும் பயப்படாதீர்கள், பழைய பாக்கிதான் வருகிறது. பிறகு ஐந்து நிமிடம் அந்த வரிகளைத் திருத்துங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

‘நூல்’ என்று எழுதினால் அது கவலையாகவே நிற்கும். ‘காலை 9 மணி, நூல் கடைக்குப் போன், கருநீலக் கோன் 6’ என்று எழுதினால் வேலையாகிவிடும். ‘செக்கிங் ஆள் இல்லை’ என்பதை ‘8.15க்கு அயர்னிங் அக்காகிட்டக் கேக்கணும், அவங்க தங்கச்சி ரெண்டு நாள் வருமா’ என்று மாற்றுங்கள். ‘பாப்பா ஃபீஸ்’ என்பது ‘வியாழன் 11 மணி, ரெண்டாவது தவணை, ரசீது வாங்கணும்’ ஆகட்டும். எந்த நேரம், யார், என்ன செய்வது ஆகிய மூன்றும் வரியில் இருக்க வேண்டும். உங்கள் கையில் இல்லாதவையும் வரும். பார்ட்டி பில் பாஸ் பண்ணவில்லை என்றால் ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் ‘திங்கள் 10.30க்குக் கேக்கணும்’ என்று ஒரு நாளைக் குறித்துவிடலாம். நாள் குறித்த கவலை ராத்திரியில் சத்தம் குறைத்துக்கொள்ளும்.

இது சும்மா ஆறுதல் பேச்சில்லை. 2018-ல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் என்பவர் தலைமையில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். படுக்கும் முன் பாதிப் பேர் ஐந்து நிமிடம், அடுத்த நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். மீதிப் பேர் சமீபத்தில் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அவர்களிலும் விவரமாக எழுதியவர்களே சீக்கிரம் தூங்கினார்கள். ஒரே ராத்திரி நடந்த சின்ன ஆய்வு அது, அதனால் ஒன்பது நிமிடத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் காரணம் புரிந்துகொள்ளத்தக்கது. முடியாத வேலையை மனசு திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்துவது, நாம் மறந்துவிடுவோம் என்ற பயத்தில். எப்போது, எப்படி என்று திட்டம் போட்டுவிட்டால், வேலை முடியாவிட்டாலும் அந்த நச்சரிப்பு அடங்குகிறது. இதை மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-ல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் அம்மா சொன்ன ‘போதும்’ வருகிறது. எழுதிய வரிகளில், நாளைக்கு முடிந்தே ஆக வேண்டிய மூன்றுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். மூன்றுதான், நான்கு கூடாது. மூன்றில் ஒன்றாவது கம்பெனி சம்பந்தமில்லாததாக இருக்கட்டும். பையனோடு கணக்குப் பாடம் அரை மணி நேரம், அத்தையின் கண் மருந்து, எதுவானாலும் சரி. வட்டம் போட்டதும் அடியில் இரண்டு கோடு இழுத்து நோட்டை மூடுங்கள். மறுநாள் ராத்திரி திறக்கும்போது முதலில் அந்த மூன்றைப் பாருங்கள். முடிந்திருந்தால் பக்கத்தில் ஒரு டிக். அன்றைய நாளுக்கு அது போதும். மற்ற பதினேழு வரியில் எத்தனை மிச்சமிருந்தாலும் போதும்.

கட்டிங் மாஸ்டர் துணியை விரித்து, பேட்டர்ன் வைத்துக் கோடு போட்ட பிறகுதான் கத்தியைத் தொடுவார். வெட்டிக்கொண்டே அளவு யோசிப்பதில்லை. ‘போதும்’ என்பதும் அப்படி முன்னாலேயே போட வேண்டிய அளவுதான். வேலை நடக்கும்போது அளவு பார்த்தால் கோடு நகர்ந்துகொண்டே போகும். 800 பீஸ் முடிந்தால் 1,000 ஆகட்டும் என்று தோன்றும். 1,000 முடிந்தால், பக்கத்து யூனிட்டில் 1,200 ஆயிற்றாமே என்று தோன்றும். முந்தின ராத்திரி நிதானமாக உட்கார்ந்து போட்ட அளவுக்குத்தான் மறுநாள் மனசு கட்டுப்படும்.

நோட்டை மூடிய பிறகு 9.45க்கு உங்கள் வீட்டுக்காரர் புது ஆர்டர் பேச்சை எடுப்பார். இது நடந்தே தீரும், அதனால் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பேச்சு வந்தால் கோபப்பட வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, “ஏனுங்க, எழுதி வெச்சுட்டேன், காலையில பேசிக்கலாமுங்க” என்று சொன்னால் போதும். அவருக்கும் அது மறந்துவிடாது என்ற நிம்மதி கிடைக்கும். பத்து நாளில் அவரே, “நோட்டுல எழுதிட்டியா?” என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை.

சில வரிகள் வேலையாக மாறவே மாறாது. ‘நாத்தனார் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்க வேண்டாம்’ என்பதற்கு நேரமும் ஆளும் போட முடியாது. அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். மறுநாள் சாயங்கால டீக்குப் பிறகு 15 நிமிடம், ஒரே இடத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மட்டும் பாருங்கள். கவலைக்கென்று நேரமும் இடமும் ஒதுக்குவது பழைய முறை. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983-லேயே சோதித்துப் பார்த்தது. வேறு நேரத்தில் அது தலைகாட்டினால், ‘டீக்கு அப்புறம்’ என்று ஒத்திவைக்கலாம். டீ நேரம் வரும்போது பாதிக் கவலைக்குச் சூடு போயிருக்கும்.

தூக்கம் பற்றி இன்னும் இரண்டு விஷயம். ஒன்றரை ஷிப்ட் நாளில் ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு வருகிற டீ. டீயில் இருக்கும் காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே எட்டு மணி டீயில் பாதி, நீங்கள் படுத்துப் புரளும் 12.30க்கும் உள்ளே இருக்கிறது. சாயங்கால டீயோடு நிறுத்துங்கள். ராத்திரிக்குச் சுக்குமல்லி காபி வைத்துக்கொள்ளலாம், காபித்தூள் சேர்க்காமல். மல்லி நாலு பங்கு, சுக்கு ஒரு பங்கு வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டால், இரண்டு டம்ளர் தண்ணீருக்கு ஒன்றரை ஸ்பூன் பொடியும் கொஞ்சம் கருப்பட்டியும் போதும். இன்னொன்று போன். அது ஹாலில் சார்ஜ் ஆகட்டும், சத்தம் போட்டே வையுங்கள், அவசர அழைப்பு கேட்கும். அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்பீர்கள். ஒரு சாதாரண மேசை அலாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, நோட்டு கைக்குப் பழகிய பிறகு, காலைக் காபிக்கு வாருங்கள். 4.30 மணிச் சவாலை மறந்துவிடுங்கள், இப்போது எழுகிற நேரத்திலேயே எழுந்தால் போதும். பால் பொங்கி, காபி கலந்ததும், அத்தைக்கும் வீட்டுக்காரருக்கும் கொடுத்துவிட்டு, உங்கள் டம்ளரோடு பொடக்காளி (கொல்லைப்புற)ப் படியில் போய் உட்காருங்கள். போன் சார்ஜரிலேயே இருக்கட்டும். ஏழு, எட்டு நிமிடம். டம்ளர் விளிம்பைப் பிடித்த விரலில் சூடு தெரியும். ஊதும்போது நுரை எதிர்ப்பக்கம் ஒதுங்கும். முதல் வாய் நாக்கில் கசந்து, தொண்டையில் இனித்து இறங்கும். இதைக் கவனித்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். நாலு நாளில் விட்டுப்போன தியானத்தின் வேலையை இந்த ஒரு டம்ளர் காபி செய்யும்.

அரை நிமிடத்தில் மனசு பீஸ் கணக்குக்குப் போய்விடும். போகட்டும். போனது தெரிந்ததும் விரலில் இருக்கிற சூட்டுக்குத் திரும்புங்கள். பத்துத் தடவை போனால் பத்துத் தடவை திரும்புங்கள். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. தியானத்தை நீங்கள் நாலாம் நாள் விட்டதற்குக் காரணம், மனசு ஓடுவதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டதாக இருக்கலாம். எல்லோருக்கும் ஓடுகிறது. ஹார்வர்டில் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் நாளின் பல வேளைகளில் போன் வழியாகக் கேட்டு, 2010-ல் வெளியிட்ட கணக்கில், கேட்ட தடவைகளில் 46.9 சதவீதம் மனசு செய்கிற காரியத்தில் இல்லை. அப்படி வேறெங்கோ இருந்த நேரங்களில் அவர்கள் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தார்கள் என்பதும் தெரிந்தது. இனிமையான நினைப்பில் இருந்தபோதுகூட, கையிலிருக்கும் வேலையில் மனசு வைத்திருந்ததைவிடக் கூடுதல் மகிழ்ச்சி இல்லை.

அத்தை கூப்பிடுவார்கள் என்ற தயக்கம் இருந்தால், அவர்களையும், “வாங்க அத்தை, இங்கயே உக்காந்து குடிக்கலாம்” என்று படிக்கே கூட்டிக்கொள்ளுங்கள். பேசினால் பேசலாம், பேசாமலும் குடிக்கலாம். வயதானவர்கள் பல பேருக்கு அந்த ஏழு நிமிடம் அன்றைக்கு முழுக்கப் போதுமான துணை.

சாப்பாட்டுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வேளையையும் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒரு வேளை, முதல் ஐந்து வாய் மட்டும், உட்கார்ந்து, வேறெதையும் பார்க்காமல். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் உருகி இறங்குவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தால், ஆறாவது வாய் தானாகவே நிதானமாகும்.

ஸ்டேட்டஸ் பார்த்து ஒரு மாதிரி ஆவதைப் பற்றி வெட்கப்பட வேண்டாம். நமக்குக் கிடைத்ததற்குப் பழகிவிடுவது மனித மனசின் இயல்பு. மூன்று வருடத்துக்கு முன் ஒவ்வொரு டைல்ஸையும் நின்று தேர்ந்தெடுத்தீர்கள், இன்று அதன் மேல்தான் நடக்கிறீர்கள், கண்ணில் படுவதில்லை. அடுத்தவர் வீட்டு டைல்ஸ் புதிதாக இருப்பதால் கண்ணில் படுகிறது. இதற்கு இரண்டு காரியம் செய்யலாம். வாட்ஸப்பில் அந்த நாலைந்து பேரின் ஸ்டேட்டஸை மட்டும் மியூட் செய்யுங்கள், அவர்களுக்குத் தெரியாது, உறவும் கெடாது. பிறகு வாங்கத் தோன்றும் பொருளைத் தேதியோடு நோட்டின் நடுப்பக்கத்தில் எழுதுங்கள். 1,000 ரூபாய்க்குள் என்றால் மூன்று நாள், 5,000-க்கு மேல் என்றால் 30 நாள், இடைப்பட்டதற்குப் பத்து நாள் பொறுங்கள். கெடு முடிந்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் சந்தோஷமாக வாங்குங்கள். பல வரிகள் தாமாகவே பழசாகிவிடுவதைப் பார்ப்பீர்கள்.

நன்றிக் குறிப்பு எழுதச் சொல்லி எங்கேயாவது படித்திருப்பீர்கள். தினமும் எழுதினால் அதுவும் வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிடும். உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவினர் ஆறு வாரம் சோதித்ததில், வாரம் ஒரு தடவை எழுதியவர்களுக்கு மனநிறைவு கூடியது, வாரம் மூன்று தடவை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும், மூன்று வரி. ‘குடும்பம், ஆரோக்கியம்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். யார், எப்போது, என்ன செய்தார் என்று எழுதுங்கள்: ‘புதன்கிழமை கரண்ட் போனப்ப, பேட்லாக் மிஷின் அண்ணன் அவராவே இருந்து பிசிறு வெட்டிக் கொடுத்தாரு.’ அந்த மூன்று பேரில் ஒருவரிடம் அந்த வாரத்துக்குள் சொல்லியும் விடுங்கள். நம் வீடுகளில் ‘நன்றி’ என்று நேராகச் சொன்னால் அந்நியமாகப் படும், சொல்பவருக்கும் கூச்சம். செய்த காரியத்தைப் பாராட்டினால் அதுவே நன்றி. “அத்தை, நேத்து நீங்க கடைஞ்ச கொள்ளுப்பருப்பு, பையன் ரெண்டாந்தரம் போட்டுக்கிட்டானுங்க.” அவ்வளவு போதும்.

ஞாயிறு காலையில் முடிந்தால் குடும்பத்தோடு நஞ்சராயன் குளத்துக்குப் போய் வாருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பறவைகள் சரணாலயம் அது. 2024-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்திருக்கிறது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம் போதும், யாரோடும் ஒப்பிட வேண்டியதில்லை.

இத்தனையும் பழக்கத்தால் சரியாகக்கூடிய சோர்வுக்குச் சொன்னது. சோர்வு எல்லாமே அந்த வகை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனசு கனமாகவே இருந்தால், முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனால், காரணமில்லாமல் அழுகை வந்தால், அது நோட்டுப் புத்தகத்தால் தீர்வதில்லை. தூக்கம் வாரத்தில் மூன்று ராத்திரியாவது மூன்று மாதமாகக் கெட்டிருந்தாலும் அப்படித்தான். மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வயதில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுவது நல்லது, இரண்டில் எது குறைந்தாலும் இதே மாதிரி களைப்பு வரும். மாதவிடாய் முறை மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416-க்குக் கூப்பிடுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசியாக, ஷிப்மென்ட் நெருக்கடி. பழக்கம் எல்லாம் உடைவது அந்த வாரத்தில்தான், கூடவே மாரியம்மன் நோம்பி, ஒரம்பரை (விருந்தாளிகள்) வருகிற நாட்கள். அந்த நாட்களுக்கென்று ஒரு குறுக்கிய அளவை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கடைசி பண்டில் வண்டியேறியதும் வீட்டுக்கு வந்து, நின்றபடியே நோட்டைத் திறந்து, தேதியும் மூன்று வரியும் எழுதி, இரண்டு கோடு போடுங்கள். திருத்தம் வேண்டாம், வட்டம் வேண்டாம், டிக் பார்க்க வேண்டாம். ஒரு நிமிடம்கூட ஆகாது. அதுவும் முடியாமல் படுத்துவிட்டால், அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு மறுநாள் ராத்திரி அடுத்த பக்கத்தில் தேதி போடுங்கள். விட்ட நாளுக்குச் சேர்த்து எழுதாதீர்கள்.